எழுதியபடி வாசித்தவள்

இசையை மேஜராக, அதாவது முக்கியப் பாடமாக, எடுத்தவள் பாறைகளைப் பற்றி எதற்குப் படிக்க வேண்டும் என்று ஹெட்டா ஹோவ்லண்டின் அப்பா கேட்டபோது அவளுக்கே பதில் சொல்லத் தெரியவில்லை. அமெரிக்காவின் அயோவாவில் அவள் படித்த அந்தச் சின்னக் கல்லூரியில் வழக்கம் அப்படி. எதைப் படிக்க வந்தாலும் கொஞ்சம் விஞ்ஞானம், கொஞ்சம் வரலாறு, ஒரு வேற்றுமொழி, ஒரு கலை என்று எல்லாப் பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டால்தான் பட்டம் தருவார்கள். விஞ்ஞானத்தில் எது சுலபம் என்று விசாரித்தபோது எல்லோரும் பாறை வகுப்பைக் கைகாட்டினார்கள். ஹெட்டா போய்ச் சேர்ந்தாள். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அவள் கண்ணுக்கு எல்லாக் கல்லும் ஒரே கல்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் டாம்சின் ப்ராய்ல்ஸ். கென்டக்கி மலைப்பக்கத்துக்காரி. அகலமான தோள், எந்நேரமும் சேறு அப்பிய பூட்ஸ், அறையின் அடுத்த கோடியில் இருப்பவர்களும் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. நிலவியல் படிக்கவென்றே வந்தவள். சில கற்களை நாக்கால் தொட்டுப் பார்த்தே இன்னதென்று சொல்லிவிடுவாள்.

"நக்கிப் பாருடி. உப்புக் கரிச்சா அது ஒரு கல்லு, நாக்குல ஒட்டிக்கிச்சுன்னா அது வேற கல்லு. இதுக்கு என்ன பெரிய படிப்பு வேண்டிக்கிடக்கு?"

"எத்தனை பேரு நக்கின கல்லோ!"

"இப்படி அருவருப்புப்படறதாலதான் நீ பாஸ் பண்ண மாட்டேங்கற."

அவள் புண்ணியத்தில் ஹெட்டா தேறினாள். டாம்சினுக்கு ஒரு கலைப் பாடம் தேவைப்பட்டபோது, "பாடகர் குழுவுல சேர்ந்துடு. வாயைத் திறந்து மூடினாப் போதும், மார்க் போட்டுடுவாங்க" என்று யோசனை சொன்னது ஹெட்டாதான். பின்னாளில் அதை நினைத்து நினைத்து அவள் நொந்துகொண்டாள்.

ஹெட்டா மினசோட்டாவின் வடக்கே, வருஷத்தில் பாதி பனியில் கிடக்கும் ஓர் ஊரிலிருந்து வந்தவள். அம்மா லூத்தரன் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே ஹெட்டாவைப் பியானோ முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் உறைந்த ஏரியில் சறுக்கி விளையாடும்போது, விழுந்து விரலை உடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய நகரங்களின் இசைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். ஒவ்வொன்றும் நாகரிகமாகக் கதவைச் சாத்தியது. அதனால்தான் இங்கே வந்தாள். இங்கே பியானோவில் அவளை மிஞ்ச ஆளில்லை. அது ஒரு ஆறுதல்.

பாடகர் குழுவில் சேர வந்தவர்களின் குரலைச் சோதித்த அன்று பியானோவில் ஸ்வரம் கொடுத்துக்கொண்டிருந்தவளும் ஹெட்டாதான். டாம்சின் பூட்ஸோடு வந்து நின்றாள். குழுவை நடத்தும் பேராசிரியர் ரூஸ், "தெரிஞ்ச பாட்டு எதாவது பாடும்மா" என்றார். எங்கள் சர்ச் பாட்டு ஒன்றுதான் தெரியும் என்று சொல்லிவிட்டு டாம்சின் வாயைத் திறந்தாள். ஹெட்டாவின் பிடரி மயிர் சிலிர்த்தது. அந்தக் குரலில் எந்த முயற்சியும் இல்லை. மலையிலிருந்து தண்ணீர் வருவதுபோல அது பாட்டுக்கு வந்தது. ரூஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதை மறுபடி எடுத்துப் போட்டுக்கொள்ள மறந்துபோனார். ஹெட்டாவுக்குச் சிலிர்ப்பு அடங்குவதற்குள் வயிற்றில் ஏதோ புளித்தது.

அந்தப் புளிப்பு பிறகு போகவே இல்லை.

இரண்டாம் வருஷக் கிறிஸ்துமஸ் கச்சேரியில் டாம்சினுக்குத் தனிப்பாட்டு கொடுத்தார்கள். மூன்றாம் வருஷம், விட்டேனா பார் என்று ரூஸ் துரத்தித் துரத்தி, நிலவியலோடு இசையையும் இரண்டாவது மேஜராக எடுக்க வைத்தார். இசைக் கோட்பாட்டு வகுப்பில் டாம்சின் தட்டுத்தடுமாறினாள். ஒரே சமயத்தில் சேர்ந்து ஒலிக்கும் நான்கு குரல்களுக்கு எழுதச் சொன்னால் அவற்றை ஒன்றன்மேல் ஒன்று முட்ட விடுவாள். ஹெட்டா உட்கார்ந்து திருத்திக் கொடுப்பாள். திருத்தும்போது ஒரு சந்தோஷம் வரும். ஆனால் வகுப்பு முடிந்து தாழ்வாரத்தில் டாம்சின் சும்மா முனகிக்கொண்டு நடந்தால், பயிற்சி அறைகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்; ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்க்கும். ஹெட்டா அதே தாழ்வாரத்து அறைகளில் வருஷக்கணக்காக வாசித்திருக்கிறாள். ஒரு தலையும் எட்டிப் பார்த்ததில்லை.

இருவரும் சிநேகிதிகள்தான். அதில் பொய் இல்லை. நான்காம் வருஷம் கல்லூரிக்குப் பின்னாலிருந்த பழைய வீட்டில் ஒரே அறையில் தங்கினார்கள். ஹெட்டாவுக்குக் காய்ச்சல் வந்தபோது சூப் வைத்துக் கொடுத்தவள் டாம்சின். டாம்சினின் அண்ணன் சுரங்க விபத்தில் கால் ஒடிந்து கிடந்தபோது அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஹெட்டா. பொறாமைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. ஒரே அறையில் தனக்கும் ஒரு கட்டில் போட்டுக்கொண்டு அது பாட்டுக்குக் கூடவே குடியிருந்தது.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இசைத்துறையில் ஒரு போட்டி நடக்கும். ஜெயிப்பவர் வசந்தகாலக் கச்சேரியில் கல்லூரி ஆர்க்கெஸ்ட்ராவோடு தனிக் கலைஞராக மேடையேறலாம். ஹெட்டா மூன்று வருஷமும் கலந்துகொண்டு மூன்று வருஷமும் தோற்றிருந்தாள். இது கடைசி வாய்ப்பு. அவள் எடுத்துக்கொண்டது தனிப் பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் ஒரு கன்செர்ட்டோ. போட்டியில் ஆர்க்கெஸ்ட்ராவின் பங்கை இரண்டாவது பியானோவில் வாசிக்க லோவெல் டெக்கர் ஒப்புக்கொண்டான். லோவெல் டிராம்போன் என்ற பித்தளை ஊதுவாத்தியம் படிப்பவன். பன்றிப் பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை. பியானோவும் ஓரளவு வாசிப்பான். மனதில் பட்டதைச் சொல்லிவிட்டுப் பிறகு யோசிப்பவன்.

அந்த வருஷம் டாம்சினும் போட்டியில் பெயர் கொடுத்தாள்.

"ரூஸ் விட மாட்டேங்கறாருடி. தினமும் வந்து உசிரை எடுக்கறாரு. எனக்கு நீயே வாசிச்சுடேன். வேற யாரு வாசிச்சாலும் எனக்கு எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது."

"ரெண்டு பேரும் ஒரே போட்டியில நிக்கறோம். உனக்கு நானே பக்கவாத்தியமா?"

"அதனால என்ன? நீதான் ஜெயிக்கப் போற. நான் சும்மா பாடிட்டு வந்துடறேன்."

சும்மா! ஹெட்டாவைச் சுட்டது அந்த ஒரு வார்த்தைதான். முடியாது என்று சொல்லக் காரணம் கிடைக்காததால் சரி என்றாள்.

டாம்சின் எடுத்துக்கொண்டது பழைய ஜெர்மன் ஆரியா, அதாவது தனிக்குரல் பாட்டு, ஒன்று. அதன் நடுவே ஒரு நீளமான வரி. ஒரே மூச்சில் ஏறி, உச்சியில் நின்று, சிந்தாமல் இறங்க வேண்டும். டாம்சினுக்கு எல்லாம் இருந்தது. அந்த வரியின் கடைசி மூன்று ஸ்வரங்களுக்கு மட்டும் மூச்சு பற்றவில்லை. இரண்டாம் நாள் பயிற்சியிலேயே ஹெட்டாவின் காது அதைப் பிடித்துவிட்டது. வரி ஏறும்போது பியானோவை நூலளவு விரைவுபடுத்தினாள். உச்சிக்குப் போனதும் அந்த நூலைத் திருப்பிக் கொடுத்தாள். கேட்கிறவருக்கு எதுவும் தெரியாது. பாடுகிறவளுக்கே தெரியவில்லை. மூச்சு போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான்.

"இன்னிக்கு அந்த வரி எனக்கு வந்துடுச்சுடி!" என்று டாம்சின் குதித்தாள்.

"ஆமா, வந்துடுச்சு" என்றாள் ஹெட்டா.

முதல் சுற்றில் இருவரும் தேறினார்கள். கூடவே மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியம் வாசிக்கும் ஒரு முதலாண்டுப் பையனும். இறுதிச் சுற்று, நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் விடுமுறைக்கு முந்தைய வாரம்.

அதற்கு முந்தின நாள் கடைசிப் பயிற்சி. ஹெட்டா பியானோ முன்னால் உட்கார்ந்து காத்திருந்தாள். டாம்சின் வரவில்லை. நிலவியல் வகுப்போடு ஆற்றங்கரைப் பாறைகளைப் பார்க்கப் போயிருந்தாள். வெகு நேரம் கழித்து முழங்கால்வரை சேற்றோடு வந்தாள். நின்றபடியே ஒருமுறை பாடினாள். பழுதில்லாமல் இருந்தது. கோட்டுப் பையிலிருந்து ஒரு சாண்ட்விச்சை எடுத்துக் கடித்தாள்.

"போதும்டி. நல்லாத்தான் இருக்கு. நான் போய்க் குளிக்கணும்."

அவள் போனபிறகு ஹெட்டா தன் கன்செர்ட்டோவை விரல் நோக வாசித்தாள். அறைக்குத் திரும்பும் வழியில் அம்மா போனில் வந்தாள்.

"முதல் சுற்று வீடியோவ அனுப்பியிருந்தியே, பார்த்தோம்மா. உன்னோடது ரொம்ப சுத்தமா இருந்துச்சு. அந்த டாம்சின் பொண்ணு இருக்காளே... அப்பாகிட்ட சொன்னா சிரிப்பாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு. ரெண்டு தடவை போட்டுக் கேட்டேன்."

"என்னோடத எத்தனை தடவைம்மா கேட்டே?"

"உன்னோடதுதான் சின்னதுலேருந்து கேக்கறேனே" என்று அம்மா சிரித்தாள்.

ஹெட்டா போனை வைத்துவிட்டு நடந்தாள். அம்மா அவள் வாசிப்பைக் கேட்டுக் கைதட்டியிருக்கிறாள், கேக் செய்திருக்கிறாள், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அழுதது கிடையாது.

மறுநாள் அரங்கில் மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் டாம்சின். கறுப்பு உடையில், யாரிடமோ இரவல் வாங்கிய செருப்பில், அவள் பியானோவின் வளைவில் வந்து நின்று ஹெட்டாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். பக்கம் புரட்ட லோவெல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

பாட்டு தொடங்கியது. அரங்கம் வழக்கம்போல டாம்சினிடம் போய்ச் சேர்ந்தது. நடு நாற்காலி நடுவர் பேனாவைக் கீழே வைத்ததை ஹெட்டா ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்த நீளமான வரி வந்தது. அவள் தீர்மானம் பண்ணிச் செய்தாள் என்று சொல்ல முடியாது. தெரியாமல் செய்தாள் என்றும் சொல்ல முடியாது. இசைத்தாளில் என்ன எழுதியிருந்ததோ அதை அப்படியே, மணிக்கூண்டுக் கடிகாரம்போல வாசித்தாள். விரைவுபடுத்தவில்லை. நூலளவுகூட.

டாம்சின் ஏறினாள், உச்சியில் நின்றாள், இறங்கும்போது மூச்சு தீர்ந்தது. ஒரு சொல்லின் நடுவே குரல் அறுந்து, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி அவள் காற்றை இழுத்தாள். அதன்பிறகு தைரியம் போய்விட்டது. மீதிப் பாட்டை அடிமேல் அடிவைத்து, விழாமல் இருந்தால் போதும் என்பதுபோல முடித்தாள்.

பக்கம் புரட்ட எழுந்த லோவெல் ஹெட்டாவின் முகத்தை ஒருமுறை பார்த்தான். பக்கத்தைப் புரட்டிவிட்டு உட்கார்ந்தான்.

அன்று ஹெட்டா தன் கன்செர்ட்டோவை வாழ்நாளில் வாசிக்காத அளவு நன்றாக வாசித்தாள். அவள்தான் ஜெயித்தாள். முடிவு அறிவித்ததும் அவளை இடுப்போடு தூக்கிச் சுற்றியது டாம்சின்தான்.

"என் ரூம்மேட்டுடா! சொன்னேன்ல, இவதான் ஜெயிப்பான்னு! சொன்னேனா இல்லையா?"

அன்று மாலை டாம்சின் ஒரு சாக்லேட் கேக் செய்தாள். நடுவில் கொஞ்சம் தீய்ந்திருந்தது. எல்லோரும் நின்றபடியே பாத்திரத்திலிருந்து கிள்ளித் தின்றார்கள். ஹெட்டா கிள்ளிய துண்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.

குளிர்காலம் வந்தது. டாம்சின் குளிக்கும்போது பாடுவதை நிறுத்திவிட்டாள். முதலில் ஹெட்டா கவனிக்கவில்லை. கவனித்தபோது அந்த மௌனம் அறை முழுக்க இருந்தது. பாட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ரூஸ் படிவங்களைக் கொடுத்திருந்தார். அவை மேசைமேல் கற்களுக்கு அடியில் கிடந்தன. கடைசித் தேதி வந்தது, போனது.

"அனுப்பலையா?" என்று ஹெட்டா கேட்டாள்.

"எனக்கு மூச்சு பத்தாதுடி. பெரிய பாட்டுக்காரங்களுக்கு இருக்கற நுரையீரல் எனக்கில்ல. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. அப்பாவும் தாத்தாவும் நிலக்கரிச் சுரங்கத்துல இருந்தவங்க, அதுவா இருக்குமோ என்னமோ. கல்லே போதும் எனக்கு."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. 'உன் நுரையீரலுக்கு ஒன்றுமில்லை' என்று மூன்று சொற்கள். ஹெட்டா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சொன்னால் டாம்சினின் குரல் திரும்பி வந்துவிடும். அது வேண்டாம் என்று அவளுக்குள் ஒன்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது. ஜெயித்த பிறகும்!

பட்டம் வாங்க வேண்டுமென்றால் இசை மேஜர்கள் எல்லோரும் கடைசிப் பருவத்தில் ஒரு தனிக் கச்சேரி கொடுத்தாக வேண்டும். டாம்சின் பக்கவாத்தியத்துக்கு லோவெலைக் கேட்டுக்கொண்டாள்.

"என்னை ஏன் கேக்கல?" என்றாள் ஹெட்டா.

"உனக்கு ஆர்க்கெஸ்ட்ரா இருக்கு. இப்ப நீ பெரிய ஆளு. உன்னைப் போட்டு எதுக்கு வதைக்கணும்? லோவெல் சும்மாதானே இருக்கான், பன்னிக்குட்டி மாதிரி."

சுமை குறைந்தது என்றுதான் ஹெட்டா நினைத்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் பயிற்சி அறைகளின் பக்கம் போனபோது ஒரு கதவுக்குப் பின்னால் டாம்சின் பாடுவதும், லோவெல் தப்புத் தப்பாக வாசிப்பதும், இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பதும் கேட்டது. ஹெட்டா கதவருகே நின்றாள். லோவெலின் இடது கை கனமாக இருந்தது. டாம்சின் மூச்சு வாங்கும் இடம் அவனுக்குத் தெரியவில்லை. 'அங்கே அப்படி இல்லையடா, மடையா' என்று அவள் விரல்கள் கோட்டுப் பைக்குள் தாமாக அசைந்தன. டாம்சினின் குரலைக் கேட்டு எரிந்தது போதாதென்று, இப்போது அந்தக் குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தும் எரிந்தது. இது என்ன கூத்து என்று அவளுக்கே புரியவில்லை. அதற்குமேல் அங்கே நிற்கப் பிடிக்காமல் படியேறிப் போனாள்.

அதே ஆரியாவைத்தான் டாம்சின் தன் கச்சேரியிலும் பாடுவதாக இருந்தாள். ரூஸ் வற்புறுத்தியிருந்தார். அந்த நீளமான வரி லோவெலோடு ஒருமுறையும் வரவில்லை. "முதல் சுத்துல வந்துச்சே, எப்படி வந்துச்சு?" என்று லோவெல் கேட்டான். இசைத்துறை எல்லாச் சுற்றையும் பதிவு செய்து வைக்கும். இருவரும் உட்கார்ந்து முதல் சுற்றின் பதிவையும் இறுதிச் சுற்றின் பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். பாறை அடுக்கில் மயிரிழை வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள் டாம்சின். கண்டுபிடித்துவிட்டாள்.

ஹெட்டா சமையலறையில் ரொட்டிக்கு வேர்க்கடலை வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. டாம்சின் கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"முதல் சுத்துல அந்த வரியில நீ முன்னாடி தள்ளிட்டுப் போயிருக்கே."

ஹெட்டாவின் கை நின்றது.

"பைனல்ல தள்ளல."

"நான் எழுதியிருந்தபடிதான் வாசிச்சேன்" என்றாள் ஹெட்டா.

"ஆமா. அதைத்தான் சொல்றேன்."

டாம்சின் மேசையில் கையூன்றினாள். 

"நாலு மாசமா என் நெஞ்சுல ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டிருக்கேன்டி. டாக்டர்கிட்டகூடப் போனேன், தெரியுமா உனக்கு? நீ பார்த்துட்டே இருந்தே. நான் கேக் வேற பண்ணிப் போட்டேன்."

"உனக்கு அது வேணும்னு எனக்குத் தெரியாது" என்றாள் ஹெட்டா. சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. "சும்மா பாடறேன்னே! கல்லு பொறுக்கிட்டுச் சேத்தோட வந்து ஒரு தடவை பாடிட்டு சாண்ட்விச் தின்னுட்டுப் போவே. நான் ஏரியில ஒருநாள் சறுக்கினதில்ல. ஒரு பொறந்தநாள் விருந்துக்குப் போனதில்ல. வாழ்க்கை பூரா அந்தப் பெட்டி முன்னாடியே உக்காந்திருந்தேன். என் அம்மா உன் பாட்டக் கேட்டு அழறா. என்னைக் கேட்டு ஒருநாளும் அழுததில்ல!"

"எனக்கு அது வேணும்னு உன்கிட்ட அழுது காட்டியிருந்தா தள்ளியிருப்பியா?" டாம்சினின் குரல் தாழ்ந்திருந்தது. "வேணும்னு வாய்விட்டுச் சொல்லிட்டு கெடைக்கலன்னா எங்க ஊர்ல சிரிப்பாங்கடி. அதனாலதான் சும்மான்னேன். அந்த சேத்துப் பூட்ஸோட ஆத்தங்கரைல நாள் பூரா அந்த வரியத்தான் பாடிட்டிருந்தேன். மத்தவங்க என்னைப் பைத்தியம்னாங்க."

ஹெட்டா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"உனக்குப் பொறாமைன்னு எனக்குத் தெரியும். மூணு வருஷமா தெரியும். அது பரவால்லன்னு நெனச்சேன். நீ பொறாமைப்பட்டாலும் என்னை விழ விடமாட்டேன்னு நெனச்சேன். அங்கதான் ஏமாந்துட்டேன்."

அந்த வாரமே டாம்சின் தன் கற்களையெல்லாம் பெட்டியில் போட்டுக்கொண்டு நிலவியல் சிநேகிதிகளின் வீட்டுக்குப் போய்விட்டாள். யாரிடமும் அவள் எதையும் சொல்லவில்லை. லோவெல் மட்டும் தாழ்வாரத்தில் ஹெட்டாவைப் பார்த்து, "அன்னிக்கே உன் மூஞ்சியப் பார்த்தேன். நான்தான் வாயைத் திறக்கல. எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆர்க்கெஸ்ட்ராக் கச்சேரி வந்தது. அப்பாவும் அம்மாவும் மினசோட்டாவிலிருந்து காரில் வந்தார்கள். ஹெட்டா நீல உடையில் மேடைக்கு வந்தாள். முதல் பகுதியை ஒழுங்காக வாசித்தாள். நாலு வருஷமாக ஏங்கிய இடத்தில் உட்கார்ந்திருந்தும் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் பகுதியில் கிளாரினெட் ஒரு நீண்ட தனி வரியை வாசிக்க, பியானோ பின்னால் நின்று தாங்க வேண்டிய இடம். கிளாரினெட் வாசித்தவள் பயந்த இரண்டாமாண்டுப் பெண். வரியின் பாதியில் அவள் மூச்சு தளர்வதை ஹெட்டாவின் காது பிடித்தது. யோசிக்கவில்லை, விரல்கள் நூலளவு முன்னால் போயின. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவர் சட்டெனத் திரும்பி அவள் கையைப் பார்த்துக் கூடவே வந்தார். கிளாரினெட் வரி முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண்ணின் தோள்கள் இறங்கின. அப்போதுதான், அந்த மேடையில் முதல்முறையாக, ஹெட்டாவுக்கு உயிர் வந்ததுபோல இருந்தது. தனக்கு எது உண்மையில் வரும் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதைக் கொண்டு தான் என்ன செய்தாள் என்பதும் கூடவே தெரிந்தது.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கல்லூரியில் யார் வாசித்தாலும் எழுந்து நிற்பார்கள். அம்மா அன்றும் அழவில்லை. "அந்தக் கிளாரினெட் இடம் என்ன அழகு!" என்று மட்டும் சொன்னாள். ஹெட்டா அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து டாம்சினின் கச்சேரி. அழைப்பு இல்லை, ஆனால் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. ஹெட்டா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கென்டக்கியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். அண்ணன் ஊன்றுகோலோடு முன்வரிசையில் இருந்தான். லோவெல் பியானோவில் உட்கார்ந்தான். அவன் இடது கை இன்னும் கனமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வரி வந்தபோது பதிவைக் கேட்டுக் கற்றுக்கொண்டதை அவன் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே செய்தான். ஆளைப் பிடித்து வண்டியில் ஏற்றுவதுபோல. டாம்சின் சிரித்துக்கொண்டே ஏறிக்கொண்டாள். மூச்சு மிச்சமிருந்தது. கடைசி ஸ்வரத்தை வேண்டுமென்றே நீட்டினாள்.

ஹெட்டாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. அது மகிழ்ச்சியா என்று கேட்டால் பாதிதான். அந்த நாற்காலி தன்னுடையது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

வெளியே மேசைமேல் பிஸ்கட்டும் பழரசமும் வைத்திருந்தார்கள். ஹெட்டா நழுவிவிடலாம் என்று சுவரோரமாக நடந்தாள். டாம்சின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வழியை மறித்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சு."

"வயிறு எரிஞ்சுதா?"

ஹெட்டா அவளைப் பார்த்தாள். "எரிஞ்சுது."

"என் மேலயா?"

"இல்ல. லோவெல் மேல."

டாம்சினுக்குச் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்திருக்கும். முடியவில்லை. கூடத்தின் அடுத்த கோடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லா வேணும்டி உனக்கு" என்றாள். பிறகு சிரிப்பு அடங்கியது. "மன்னிச்சுட்டேன்னு நெனச்சுடாதே. இன்னும் இல்ல." ஒரு பிஸ்கட்டை எடுத்து ஹெட்டாவின் கையில் வைத்துவிட்டு அண்ணனைப் பார்க்கப் போனாள்.

பட்டம் வாங்கியதும் டாம்சின் நெவாடாவில் நில ஆய்வு வேலைக்குப் போனாள். அடுத்த வருஷம் விண்ணப்பம் போட்டாள். டென்வர் பக்கத்தில் ஓர் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஹெட்டா தனிப் பியானோ என்ற ஆசையை மூட்டைகட்டி வைத்துவிட்டு, பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதையே மேற்படிப்பாக எடுத்தாள். அதில் அவளைத் தேடி வந்தார்கள். பாடகர்கள் அவளைத் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு கேட்டார்கள். யாரையும் அவள் விழ விடவில்லை.

ஒருநாள் லோவெல் அவளுக்கு ஒரு கச்சேரி அழைப்பின் படத்தை அனுப்பினான். டாம்சினின் பெயர் பெரிதாக இருந்தது. அதன் கீழே, பியானோ என்று போட்டு, ஹெட்டா கேள்விப்படாத ஒரு பெயர். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் டாம்சினின் எண்ணை அழுத்தினாள். இரண்டு வருஷத்தில் முதல்முறை.

"யாருடி அந்த ஆளு?" என்றாள், நலம்கூட விசாரிக்காமல்.



"நல்லா வாசிக்கிறான். மூச்சு வாங்கற எடமெல்லாம் தெரியுது" என்றாள் டாம்சின். "ஏன், எரியுதா?"

"எரியுது."

"கொஞ்ச நாள் எரியட்டும்" என்றாள் டாம்சின். "அப்புறமா ஒரு தடவை கூப்பிடு, பேசுவோம்."